வடசென்னையில் டிபன் கடை போடப் போகிறவர்களுக்கு

2014-ல் நானும் என் தங்கை வீட்டுக்காரரும் சேர்ந்து தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு டிபன் கடை போட்டோம். காலையில் இட்லி, பொங்கல், வடகறி. ராத்திரி பரோட்டா, சால்னா. ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டுக் கழுவி மாளாது, அவ்வளவு கூட்டம். பதின்மூன்றாவது மாதம் கடையை மூடினோம். ருசி போய்விட்டதா என்று தெருவில் கேட்டார்கள். ருசி அப்படியேதான் இருந்தது. கல்லாவில் இருக்கும் பணத்தில் எது கடையுடையது, எது எங்களுடையது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஒரு வளைகாப்பு, வண்டி டியூ எல்லாம் கல்லாவிலிருந்தே போயின. அரிசி மண்டிக்காரருக்குத் தர வேண்டியது மட்டும் நின்றுபோனது.

இப்போது புது வண்ணாரப்பேட்டையில் நடத்துவது இரண்டாவது கடை. புதிதாகக் கடை போட நினைப்பவர்கள் அவ்வப்போது வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மெஸ், பிரியாணிக் கடை, டீக்கடை, கையேந்தி பவன் எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் இடத்தை

வடசென்னையை வெளியில் இருப்பவர்கள் ஒரே ஊர் மாதிரி பேசுவார்கள். சாப்பாட்டு வியாபாரத்தில் இது பத்து ஊர். ஒவ்வொரு ஊருக்கும் பசிக்கிற நேரம் வேறு.

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் விடிவதற்கு முன்பே பரபரப்பாகிவிடும். ஏலம் எடுப்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கூடை தூக்குபவர்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் டீயும் டிபனும் வேண்டும். அங்கே ஏழு மணிக்குக் கடையைத் திறந்தால் பாதி வியாபாரம் போயிருக்கும். ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் வருகிறவர்கள் நோயாளியோடு வந்த சொந்தக்காரர்கள். காரம் குறைந்த ரசம் சாதம், கஞ்சி, இரண்டு இட்லிப் பார்சல், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், இதுதான் அவர்கள் தேவை. அங்கே பத்து ரூபாய் அதிகம் வைத்தால் அது யாருடைய பையிலிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்க வருகிறவர்கள் குடும்பமாக வருவார்கள். மதியத்துக்கு மேல்தான் கூட்டம். உட்கார இடமும் கழிவறையும் இருக்கிற கடையைத் தேடுவார்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிஃப்ட் கணக்கில் பசிக்கும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஓட்டுநர்களுக்கு வண்டியை ஓரங்கட்ட இடமில்லாத கடை எவ்வளவு ருசியாக இருந்தாலும் பயனில்லை. திருவொற்றியூரில் பௌர்ணமி அன்று வடிவுடையம்மனைப் பார்க்க வருகிற கூட்டம் சைவம்தான் கேட்கும். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, நிலையங்களின் வாசலில் காலையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுகிற ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே இடம் பிடித்துப்போனால் உடனே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மூன்று நாள் அந்தத் தெருவில் நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மணி நேரம். எத்தனை பேர் நடந்து போகிறார்கள், பக்கத்துக் கடையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், எத்தனை பேர் பார்சல் வாங்குகிறார்கள் என்று கோடு கோடாகப் போட்டு எண்ணுங்கள். இரண்டாவது கடைக்கு நான் இப்படி எண்ணியபோதுதான், அந்தத் தெருவில் காலையைவிட ராத்திரி எட்டு மணிப் பார்சல் அதிகம் என்று தெரிந்தது. காலை டிபன் கடையாக நினைத்திருந்ததை ராத்திரிக் கடையாக மாற்றினேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

கட்டட உரிமையாளரிடம் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. மின் இணைப்பு வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா? வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் மின்வாரியத்தார் வந்து பார்க்கும்போது அபராதத்தோடு மாற்ற வேண்டியிருக்கும். கிரைண்டர், ஃபிரிட்ஜ், புகை உறிஞ்சும் விசிறி மூன்றையும் தாங்குகிற லோடு இருக்கிறதா? மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, லாரித் தண்ணீரை இறக்கத் தொட்டி உண்டா? 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் சென்னையில் பல ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டையே குறைத்தன. மாடியில் குடியிருப்பவர்கள் புகைக்கு ஒத்துக்கொள்வார்களா? இதை உரிமையாளரிடம் கேட்டுப் பயனில்லை, மாடிக்கே போய்க் கேளுங்கள்.

அப்புறம் வெள்ளம். பக்கத்தில் பழைய கடைக்காரர் யாரிடமாவது, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் இந்த ஒரு கேள்வி உங்கள் கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் காப்பாற்றும்.

தெருவைத் தோண்டப் போகிறார்களா என்றும் வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். எங்கள் கடை முன்னால் சாலைப் பணிக்காக ஒருமுறை தகரத் தடுப்பு வைத்தார்கள். ஒன்பது மாதம் கடை இருப்பதே வெளியில் தெரியவில்லை. முன்பே தெரிந்திருந்தால் வாடகையில் அதற்கான குறைப்பைப் பேசியிருப்பேன்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, இரண்டு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால்தான் கூடும் என்றும் அதில் இருக்கிறது. நடைமுறையில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசிப் பாருங்கள், குறையும். அதைவிட முக்கியம் காலம். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி டைல்ஸ், புகைபோக்கி, மேடை என்று இரண்டு மூன்று லட்சத்தைச் சுவரில் போடாதீர்கள். கடை ஓட ஆரம்பித்ததும் வாடகையை ஏற்றிக் கேட்டால் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மூன்று வருஷம் கேளுங்கள், வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடுகிற கடையை அப்படியே எடுப்பதாக இருந்தால், ஏன் விற்கிறார்கள் என்பதை விற்பவரிடம் கேட்டதோடு நிற்காமல் பால்காரரிடமும் கேஸ் போடுகிறவரிடமும் கேளுங்கள். பாக்கி இருந்தால் அவர்களுக்குத் தெரியும்.

காகித வேலை

இது பலரும் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. தள்ளிப்போட்டால்தான் பெரிதாகும்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இல்லாமல் ஒரு டீ கூட விற்கக் கூடாது. சின்னக் கடைக்குப் பதிவு, அதைவிடப் பெரியதற்கு உரிமம். 2011 விதிகள் இதற்கு ஆண்டு விற்பனை 12 லட்சம் என்று கோடு போட்டன. விண்ணப்பிக்கும் அன்று அந்தப் பதிவுக்கான ஃபோஸ்காஸ் இணையதளத்தில் அப்போதைய வரம்பைப் பார்த்து, உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுங்கள். கிடைக்கிற 14 இலக்க எண்ணைக் கடையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாருக்கும் வருஷம் ஒருமுறை மருத்துவச் சான்றிதழ் வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்.

சென்னை மாநகராட்சியின் தொழில் உரிமத்தை உங்கள் மண்டல அலுவலகத்தின் வழியாக வாங்க வேண்டும். வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் போன்ற மண்டலங்கள். எல்லைத் தெருக்களில் இருப்பவர்கள் எந்த மண்டலம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், வீணாக அலைய வேண்டாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு, ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே முடியும். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். வங்கிக் கடன் கேட்கும்போது அது உதவும். பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் மற்ற மொழிகளைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

சமையல் வாயுவில் யாரும் விளையாடக் கூடாது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான். அதன் விலை பெரும்பாலும் மாதம் முதல் தேதி மாறும், அன்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். ரப்பர் குழாயில் ஒரு சின்ன வெடிப்பு தெரிந்தாலும் அன்றே மாற்றுங்கள்.

பார்சலுக்கு வாழை இலை, மந்தாரை இலை, பாத்திரம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் அதில் வரும். எங்கள் கடையில் சாம்பாருக்குத் தூக்கு கொண்டுவந்தால் ஒரு கரண்டி அதிகம் ஊற்றுகிறோம். பழைய ஆட்கள் மறுபடியும் தூக்கோடு வர ஆரம்பித்தார்கள். கவர்ச் செலவும் மிச்சம்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. நம்மிடம் கருவி இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும்: கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளினால் எடுத்துவிட வேண்டியதுதான். பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அடுத்த தெரு வண்டிக்கடைக்கு விற்காதீர்கள். அங்கே நம் பிள்ளைகள்தான் பஜ்ஜி வாங்கித் தின்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு விற்க வேண்டும்

கடை திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். இங்கே நான் கொடுக்கும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் தெருவின் எண்களை அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை 15,000. மாஸ்டர் சம்பளம் 24,000. உதவியாள் 15,000. மின்சாரம் 4,000. தண்ணீர், துப்புரவு 3,000. ரிப்பேர் 2,000. உங்கள் சம்பளம் 18,000. மொத்தம் 81,000. ஒரு தட்டு கூட விற்காவிட்டாலும் மாதக் கடைசியில் இந்தப் பணம் போயே தீரும்.

உங்கள் சம்பளம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் எதற்கு என்பார்கள். மிச்சம் வருவது நம்முடையதுதானே என்று 2014-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து மாவைப் பார்க்கிறவருக்குக் கூலி இல்லை என்று வைத்தால், அந்தக் கூலியைக் கல்லாவிலிருந்து கணக்கில்லாமல் எடுக்கத்தான் போகிறீர்கள். கடையில் கூடவே நிற்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் இதே கணக்குதான். அவர்கள் பெயரிலும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்தது, நூறு ரூபாய்க்கு விற்றால் அதில் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, கேஸ், பார்சல் இலை எல்லாவற்றுக்கும் எவ்வளவு போகிறது? 55 ரூபாய் என்று வையுங்கள். மிச்சம் 45. அந்த 45 ரூபாய்களைச் சேர்த்துத்தான் 81,000 கட்ட வேண்டும். 81,000-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1,80,000 வரும். மாதம் 26 நாள் கடை என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6,900 ரூபாய். ஒரு ஆள் சராசரியாக 60 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 115 பேர். இப்போது அந்த மூன்று நாள் நோட்டைத் திறந்து பாருங்கள். 115 பேர் அந்தத் தெருவில் உங்களுக்கு வருவார்களா?

இந்த எண்ணோடு வரியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதம் 1,80,000 என்றால் வருஷத்துக்கு 21,60,000. உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அதாவது நஷ்டமில்லாமல் ஓடுகிற இந்தச் சின்னக் கடையே வரம்பைத் தாண்டிவிடுகிறது. பதிவு செய்த பிறகு சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம் வரி. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை அதில் கழிக்க முடியாது. இட்லி விலையை வைக்கும்போதே இதை நினைவில் வையுங்கள். பிறகு நினைத்தால் அந்த 5 சதவீதம் உங்கள் 45 ரூபாயிலிருந்துதான் போகும்.

சரி, அந்த 55 எங்கிருந்து வந்தது? ஒரு வாரம் எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை இட்லி, ஒரு தேக்சா சாம்பார் எத்தனை தட்டுக்கு வந்தது, ராத்திரி எவ்வளவு மீந்தது. மீந்ததை எழுதுகிற பழக்கம் எங்கள் கடையில் மாதம் ஐந்தாறு ஆயிரத்தை மிச்சப்படுத்தியது. செவ்வாய்க்கிழமைகளில் பொங்கல் மீந்துகொண்டே இருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை, நோட்டுதான் காட்டியது.

கல்லா

ராத்திரி கடை மூடியதும் பத்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழும் வேண்டாம். ரொக்கம் எவ்வளவு, யு.பி.ஐ. எவ்வளவு, இன்று கடன் சொன்னவர்கள் எவ்வளவு, இன்று கொடுத்தது யாருக்கு எவ்வளவு, மீதி. ஐந்து வரி. நாற்பது பக்க நோட்டு போதும்.

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, ஸ்கேன் செய்யும் அட்டையை அதோடு இணையுங்கள். வீட்டுக் கணக்கோடு இணைத்தால் இன்று வந்த 3,000 ரூபாய் நாளை மின் கட்டணத்துக்கோ ரீசார்ஜுக்கோ போய்விடும், போனதே தெரியாது. பணம் வந்துவிட்டது என்று சொல்லும் பெட்டி குரல் கொடுத்தால் போதாது, கூட்ட நேரத்தில் தொகையைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

வீட்டுக்குப் பணம் சனிக்கிழமை மட்டும், உங்கள் சம்பளமாக, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுங்கள். நடுவில் அவசரம் வந்தால் எடுக்கலாம், அதையும் எழுதிவிட்டு அடுத்த சனிக்கிழமை கழித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வீட்டில் மனத்தாங்கல் வரும். கல்லாவில் பணம் கிடக்கும்போது இல்லை என்கிறாயே என்பார்கள். அன்று ராத்திரி நோட்டை அவர்கள் முன்னால் திறந்து, இதில் மண்டிக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று காட்டுங்கள். என் தங்கைக்கு இப்படிக் காட்டிய பிறகு, கடைக் கணக்கை அவளே பார்க்கிறாள். என்னைவிடக் கறாராகப் பார்க்கிறாள்.

கூட்டாளி இருந்தால், யார் எவ்வளவு போட்டார்கள், யார் எத்தனை மணி நேரம் நிற்பார்கள், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் எப்போது எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை முத்திரைத் தாளில் எழுதுங்கள். சொந்தக்காரராக இருந்தால் இன்னும் கவனமாக எழுதுங்கள். எங்களிடம் ஒரு தாள் இருந்திருந்தால் இரண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்க மாட்டோம்.

கடன் கொடுப்பதும் வாங்குவதும்

நம் பக்கம் கடன் இல்லாமல் கடை நடத்த முடியாது. கூலி வேலை செய்கிறவர்களுக்கு வாரச் சம்பளம். புதன்கிழமை கையில் காசிருக்காது, பசி இருக்கும். அவர்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? ஆனால் அளவு வேண்டும். ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரை, சனிக்கிழமை தீர்த்துவிட வேண்டும், தீர்த்த பிறகே அடுத்த கணக்கு. இதை முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். சுவரில் ‘கடன் கேட்காதீர்’ என்று எழுதி ஒட்டுவதைவிட இது மரியாதையானது. நோட்டு அவருக்கும் தெரிய வேண்டும், சாப்பிட்ட அன்றே அவர் முன்னால் எழுதுங்கள். ஒரு நாளில் மொத்தக் கடன் அன்றைய விற்பனையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள். பாக்கி பெரிதாகிவிட்டால் அந்த ஆள் வெட்கப்பட்டு அடுத்த தெருவில் சாப்பிடப் போய்விடுவார். பணமும் போய், ஆளும் போய்விடும்.

நீங்கள் வாங்கும் கடனில், தினம் வசூலிக்கும் தண்டலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கையில் 8,500 கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாயாக நூறு நாளில் 10,000 வாங்கிக்கொள்வார்கள். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு இருக்கிறீர்கள். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மழை நாளில் கடை திறக்காவிட்டாலும் சாயங்காலம் வசூலுக்கு ஆள் வந்து நிற்பார். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுத்து மூடிய கடைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மனம் பதறும். கந்து வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

மாற்று வழி உண்டு. மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு என்ற பெயரில் வங்கிக் கடன். தமிழ்நாடு அரசின் வேலையற்ற இளைஞர் திட்டம், பட்டியல் சமூகத்தினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவற்றில் மானியமும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் வங்கி மேலாளர் முதலில் கேட்பது உத்யம் சான்றும் கடைக் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும்தான். தனிக் கணக்கு திறக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். மகளிர் குழுவில் வீட்டில் யாராவது இருந்தால் அந்தக் கடன் இன்னும் எளிது.

மாஸ்டரும் மற்றவர்களும்

மாஸ்டர் திடீரென்று வராவிட்டால் கடை திறக்குமா? திறக்காது என்றால் கடை அவருடையது. கடையில் போடுகிற ஒவ்வொரு பண்டத்தையும் முதலாளி ஒருமுறையாவது தன் கையால் செய்திருக்க வேண்டும். அளவை எழுதி வையுங்கள். அதை மாஸ்டரை உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டு எழுத வேண்டும். ஒளிந்து பார்த்து எழுதினால் அன்றோடு உறவு கெடும். பரோட்டாவுக்கு இரண்டாவது ஆளைப் பழக்க மாஸ்டருக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள்.

சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பதைவிடப் பெரிய நிர்வாகம் எதுவும் நான் பார்த்ததில்லை. பெரிய அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போட நினைக்காதீர்கள். அட்வான்ஸோடு போனவர்கள் எங்களுக்கும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கடைச் சாப்பாடு, உடம்புக்கு முடியாத நாளில் பிடித்தமில்லாத சம்பளம், இந்த மூன்றும் அட்வான்ஸைவிட நன்றாக ஆளை நிறுத்தி வைக்கும். ஒடிசா, அசாம், பீகார், நேபாளத்திலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகளை ‘டேய்’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். படுக்க இடம் கொடுப்பதாக இருந்தால் சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள். கடைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஒரு ஸ்டூல் பெரிய செலவு இல்லை. பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப். பார்க்க வேண்டும்.

பள்ளிக்குப் போகிற வயதுப் பிள்ளையை யார் கொண்டுவந்து விட்டாலும் தட்டுக் கழுவ வைக்காதீர்கள். ஹோட்டல், டீக்கடைகளில் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்க 2006 அக்டோபர் முதலே தடை. வீட்டுக் கஷ்டம் என்று சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கும். அம்மாவுக்கு வேலை கொடுங்கள்.

செயலி வழி டெலிவரி

முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. கமிஷன், தள்ளுபடி, பேக்கிங் எல்லாம் போனபிறகு கையில் என்ன நிற்கிறது என்று ஒரு ஆர்டரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 100 ரூபாயில் உங்களுக்கு நிற்பது 45 என்று முன்பு பார்த்தோம். அதில் 25 கமிஷனாகப் போனால் வெறும் 20. எங்கள் கடையில் பிரியாணிக்கும் சில்லி பரோட்டாவுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். இட்லி நேரில் வருகிறவர்களுக்கு.

வருஷத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பாருங்கள்

ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் உண்டு. வடசென்னையில் எல்லா மாதமும் ஒன்றாக இருக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டை நம்பியிருக்கிற கடைகளுக்கு அந்த இரண்டு மாதமும் ஆள் பாதியாகும், மீன் விலை ஏறும். மீன் குழம்புச் சாப்பாட்டை ஒரு மாதத்துக்கு முன்பே மெனுவிலிருந்து மெல்ல இறக்கி முட்டை, கருவாடு, கோழி என்று மாற்றிக்கொள்ளுங்கள். துறைமுகத்து ஆட்களின் கடன் நோட்டை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் தீர்த்துக்கொள்ளப் பாருங்கள். அதற்குப் பிறகு கேட்டால் அவர்களாலும் முடியாது, நமக்கும் கேட்க மனம் வராது. புரட்டாசியில் அசைவம் படுக்கும். அந்த மாதம் மாஸ்டருக்கு ஊருக்குப் போக விடுமுறை கொடுப்பது நல்லது. தீபாவளிக்கு முந்தைய மாதம் எம்.சி. ரோட்டுப் பக்கம் வருஷத்தின் வியாபாரமே நடக்கும். அந்தப் பணத்தில் ஒரு மாத வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள், டிசம்பருக்கு.

டிசம்பர் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். 2023-ல் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. அக்டோபர் கடைசி வாரத்தில் இதைச் செய்துவிடுங்கள்: கிரைண்டர் மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். மின் பிளக்குகளை இடுப்புயரத்துக்கு மேல் மாற்றச் சொல்லுங்கள். அரிசி மூட்டைகளைப் பலகையின் மேல் அடுக்குங்கள். கடன் நோட்டு, ஒப்பந்தம், உரிமங்கள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீர் தெருவில் ஏறும்போதே சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, கனமான ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயின் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.